பின் சீட்டில் பருத்திக்கொட்டை

கிருஷ்ணன்கோவில் வேகத்தடையில் கேக் பறந்தபோது, ஜெர்வின் முதலில் பார்த்தது கேக்கை அல்ல. எதிரே நின்ற கல்லூரிப் பேருந்தின் ஜன்னல்களில் ஒரே நேரத்தில் திறந்த அத்தனை வாய்களையும்தான். அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தான். தங்கை மகள் ஜெனிலாவின் பெயரை ரோஸ் நிறக் கிரீமில் எழுதிய இரண்டு கிலோ கேக், அட்டைப் பெட்டியை விட்டுத் தனியே பிரிந்து, அந்தரத்தில் செத்த நேரம் நின்று யோசித்துவிட்டுத் தார் ரோட்டில் தொப்பென்று விழுந்தது.

"அண்ணே, கேக் போச்சு!" என்று பேருந்துக்குள்ளிருந்து ஒரு குரல். "கேக்கை விடுலே, பின்னாடி அக்கா இருக்காகளான்னு பாரு!" என்று இன்னொரு குரல்.

அக்கா இருந்தாள். ஜெர்வினின் மனைவி எலினா மோட்டார் சைக்கிளின் பின் சீட்டு ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெறும் அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குற்றவாளியைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. நிச்சயதார்த்தத்துக்குத் தாய்மாமன் தட்டு கொண்டுபோவது வழக்கம். பழம், பூ, சேலை எல்லாம் வேனில் போய்விட்டன. கேக் மட்டும் தாய்மாமனோடு தாய்மாமன் வண்டியில்தான் வந்திறங்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் ஜெர்வின். அப்படி ஒரு சட்டம் எந்தச் சபையிலும் இல்லை என்று எலினா சொல்லிப் பார்த்தாள். அன்று காலையில் கொக்கி ஸ்பேனரைப் போட்டு, பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கடைசிப் பல் வரைக்கும் இறுக்கியவனும் அவன்தான். கொஞ்ச நாளாக வண்டி பின்னால் தொய்கிற மாதிரி இருந்தது. தொய்ந்தால் இறுக்கு. நாற்பத்து நாலு வயதில் பேண்ட்டுக்கு அவன் பார்க்கிற வைத்தியமும் இதுவே.

பேண்ட்டுக்குச் சரி. இறுக்கி வைத்த ஸ்பிரிங் மேட்டில் ஏறி இறங்கினால் சும்மா இருக்குமா? மேலே எறிந்தது. எறிவதைப் பிடித்து அடக்கத்தான் ஷாக்குக்குள்ளே எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் எப்போதோ வேலையை ராஜினாமா செய்துவிட்டிருந்தது. வண்டி ஒரு குதி குதித்தது. முடிந்தது என்று நினைக்கையில் இன்னொரு குதி. முதல் குதியில் எலினா எழும்பினாள். இரண்டாவதில் கேக் எழும்பியது.

"மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தேன்லங்க?" என்றாள் எலினா. குரலை உயர்த்தவில்லை.

"நான் மெதுவாத்தான் வந்தேன். ரோடுதான் வேகமா வந்துருச்சு."

எலினா சிரிக்கவில்லை. அதற்குள் ஒரு நாய் வந்து ஜெனிலாவின் பெயரில் முதல் எழுத்தை நக்கத் தொடங்கியது. ஊர்ப் பெருமை பேசும் ராஜபாளையம் நாய் அல்ல, சாதாரணக் கிருஷ்ணன்கோவில் நாய். ஆனாலும் ரசனை இருந்தது. கிரீமை விட்டு வேறெதையும் தொடவில்லை.

தங்கை பொன்மணி வீட்டு வாசலில் வெறும் பெட்டியோடு இறங்கிய தாய்மாமனை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜெர்வினுக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். "கேக்கு மேல போச்சு. ஏறிட்டுப் பார்த்தா அதுக்கும் மேல எலினா போறா. கர்த்தருடைய வருகை வந்துருச்சு, என்னைய மட்டும் கைவிட்டுட்டாக போலன்னு நான் ரோட்டுலயே முழங்கால் போடப் பார்த்தேன்" என்றான். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெபம் பண்ண வந்திருந்த சர்ச் ஐயர்கூட வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். கேக் போன துக்கம் சிரிப்பில் போயே போய்விட்டது. எலினா மட்டும் சமையல்கட்டுப் பக்கம் நின்று சேலையில் ஒட்டியிருந்த கிரீமை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவள் வேனில் ஏறினாள். "வண்டியில வந்தா சேலை கசங்கிரும்" என்றாள். சேலை ஏற்கனவே கசங்கித்தான் இருந்தது.

அடுத்த திங்கள்கிழமை அவள் பேருந்தில் போனாள். அவள் வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். வீடு ராஜபாளையத்தில். தினமும் காலையில் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஜெர்வின் தன் வேலைக்குப் போவான். திங்கள்கிழமை ஹெல்மெட் சூடு என்றாள். செவ்வாய்க்கிழமை கழுத்து வலி. புதன்கிழமை திருத்துகிற பேப்பர் கட்டு. அதற்கு மேல் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடப்பாள். பக்கத்து வீட்டு ஆட்டைத் தாண்டிப் போகிற மாதிரி.

இதையெல்லாம் ஜெர்வின் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது சனிக்கிழமை வந்தது.

எலினாவின் அண்ணன் அலெக்ஸ் வால்பாறையில் இருக்கிறார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஒவ்வொரு மே மாதமும் இருவரும் வண்டியில்தான் போவார்கள். நாற்பது கொண்டையூசி வளைவு. இந்தப் பயணத்துக்காகத்தான் ஏழு வருடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய இந்தப் பெரிய வண்டியையே வாங்கினான். சனிக்கிழமை சோற்றைப் பரிமாறிக்கொண்டே எலினா சொன்னாள்:

"இந்தத் தடவ நான் பஸ்ல போறேன். நீங்க வண்டியில வாங்க."

"பஸ்லயா? மலை ஏறுனா உனக்கு வாந்தி வருமே!"

"எலுமிச்சம்பழம் வச்சுக்கிறேன்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மாதான். குழம்பு ஊத்தவா?"

ஜெர்வின் குழம்பை வாங்கிக்கொண்டான். நாற்பது வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவாளாம். புருசனுக்குப் பின்னால் உட்கார்ந்து வர மாட்டாளாம். அன்றைக்கு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தான், மூடினான். மாடிக்குப் போய் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கீழே வந்து மறுபடி ஃபிரிட்ஜைத் திறந்தான். எலினா ஹாலில் இருந்தபடியே "அதுக்குள்ள ஒண்ணும் புதுசா வந்திருக்காது" என்றாள்.

அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் இறங்கிக்கொண்டது வண்டியை விட்டா, அவனை விட்டா? வண்டிதான் கெட்டிருக்கிறது என்றால் கவலையில்லை, கெட்டதை மாற்றிக்கொள்ளலாம். வண்டி நன்றாக இருக்கிறது என்றால், கெட்டுப்போனது ஓட்டுகிறவன். அதற்கு ஸ்பேர் கிடையாது.

தேய்மானத்தைப் பற்றித் தெரியாதவன் என்றால் பரவாயில்லை. அவன் சோறு தின்பதே அதில்தான். நூற்பாலை இயந்திரங்களுக்கு ரப்பர் உருளை விற்கிற வேலை. ராஜபாளையத்தைச் சுற்றி இருக்கிற மில்லுக்கெல்லாம் போவான். ஓடி முடிந்த உருளையை எடுத்து விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "தேய்ஞ்சிருச்சு சார், மாத்திருங்க" என்பான். மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிற சமுத்திரம் எப்போதும் போல "ஓடிக்கிட்டுத்தான சார் இருக்கு?" என்று இழுப்பார். "ஓடுறது வேற, நல்லா ஓடுறது வேற" என்று ஜெர்வின் அடித்துச் சொல்வான். பேச்சில் அவ்வளவு உறுதி. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வலது காலில் வழிந்திருக்கும் எண்ணெயைக் கைக்குட்டையால் துடைப்பான். மாதக்கணக்காக இது நடக்கிறது. குளிர்காலத்தில் அதைப் பனி என்று சொல்லிக்கொண்டான். பங்குனி பிறந்த பிறகு, யாரோ ரோட்டில் சிந்திய எண்ணெய் என்றான். பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைத் தரையில் முட்டுகிற மாதிரிக் குனிந்தது. பிரேக் அவ்வளவு நல்லாப் பிடிக்கிறது என்றான். டயரில் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தது. இப்போதெல்லாம் ரப்பர் முன்ன மாதிரி வருவதில்லை என்றான். ரப்பர் விற்கிறவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

ஏழு வருடத்தில் ஒரு போல்ட்கூட மாற்றவில்லை, எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது என்று ஊர் முழுக்கப் பீற்றியிருந்தான். அந்தப் பீற்றலை இப்போது அவனே போய்த் திரும்பப் பெற முடியாது. வேறு யாராவது வாயால் சொன்னால் ஒப்புக்கொள்வான். அதற்காகவே விசாரிக்கக் கிளம்பினான்.

முதலில் நண்பன் சாம்சன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஒரே நாளில் இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டி எடுத்தவர்கள். ஜெர்வினுடையது சாம்பல் நிறம், அவனுடையது நீலம்.

ஜெர்வின் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பின் சீட்டை இரண்டு கையாலும் அழுத்தி விட்டான். வண்டி எழும்பியது, இறங்கியது, திரும்ப எழும்பியது, யோசித்து யோசித்து நின்றது.

"பார்த்தியா மாப்ள? ஒரு தடவ எழும்பி நிக்கணும். இது ஊஞ்சல் ஆடுது."

சாம்சன் கடைக்குள் இருந்தபடியே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தான். "வண்டின்னா கொஞ்சம் உசுரு இருக்கணும்ல. கல்லு மாதிரி கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"உன் வண்டிய அழுத்திப் பார்ப்போமா?"

"ஏலே, என் வண்டியத் தொடாத. இப்பத்தான் தொடச்சு நிப்பாட்டியிருக்கேன்."

அவன் வெளியே வருவதற்குள் ஜெர்வின் நீல வண்டியை அழுத்திவிட்டான். அது இவனுடையதைவிட ஒரு குதி அதிகமாகக் குதித்தது. ஹேண்டிலில் தொங்கிய பை அதற்குத் தாளம் போட்டது. நண்பர்கள் இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான ஆடுது?" என்றான் சாம்சன், கடைசியில். முகத்தில் நிம்மதி. "அப்ப அதுதான் நார்மல். போலே, போயி வேலையப் பாரு."

பார்வை சோதிக்கிறவனிடம் போய் இதற்கு மேல் என்ன கேட்பது என்று ஜெர்வின் கிளம்பினான். மறுநாள் ராஜபாளையத்தில் வண்டி சர்வீஸ் எடுக்கும் இடத்துக்குப் போனான். சூப்பர்வைசர் ராம்கி கையில் ஒரு டேப்லெட்டோடு வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தான். வண்டியைவிட டேப்லெட்டைத்தான் அதிகம் பார்த்தான்.

"ஆல் ஓகே சார். ஆயில் மட்டும் மாத்திரலாம்."

"ஷாக்கு?"

"அதெல்லாம் லைஃப் டைம் சார்."

"யாரோட லைஃப் டைம்? வண்டியோடதா, என்னோடதா?"

"சார் வந்தாலே ஒரே ஜோக்குதான்" என்று ராம்கி சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். ஜெர்வின் உண்மையாகவே கேட்ட கேள்வி அது. சிரித்துச் சிரித்துக் கேட்டுப் பழகியவன் உண்மையாகக் கேட்டால் யாருக்குத் தெரியும்?

அங்கிருந்து தென்காசி ரோட்டில் இருக்கும் மெக்கானிக் சங்கிலிப்பாண்டியிடம் போனான். சங்கிலிப்பாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்னாலும் பின்னாலும் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையை ஓரத்துக்குத் தள்ளினார்.

"மாத்தலாம். மாத்தாமலும் கொஞ்ச நாள் ஓட்டலாம். பின்னாடி யாரு சார் உக்காருவா?"

ஜெர்வினுக்கு வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்காரி என்று சொன்னால், இப்போது உட்கார்வதில்லை என்றும் சொல்ல வேண்டும். ஏன் என்று அவர் கேட்பார். பட்டறையில் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.

"யாரு உக்காரப் போறா? பெட்டிதான். சட்டையும் லுங்கியும்" என்றான்.

"அப்ப ஓட்டுங்க. லுங்கி என்ன, இடுப்பு வலிக்குதுன்னா சொல்லப் போகுது?"

பட்டறை சிரித்தது. ஜெர்வினும் சிரித்தான். நேரான பதில் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றதை, இவனே பொய் சொல்லி விரட்டிவிட்டான். வீடு வரும் வரைக்கும் அந்த நினைப்பு அவனைத் தின்றது. கடைசித் தெருவில், சின்னப் பள்ளத்தில் விழுந்தபோது பின்னால் 'டொக்'கென்று இரும்போடு இரும்பு முட்டியது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் அவன் தனியாக ஓட்டித்தான் சோதித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் பாரம் இல்லாமல் பின் ஷாக்கைச் சோதிப்பது, மூட்டை வைக்காமல் தராசைச் சோதிக்கிற மாதிரி. பின்னால் ஆள் வேண்டும். ஆள்தான் பேருந்தில் போகிறாளே.

அப்படித்தான் அவன் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டீஸ்வரியின் மாட்டுத் தீவனக் கடை முன்னால் போய் நின்றான்.

"பருத்திக்கொட்டை வேணும்க்கா."

"மாடு வாங்கிட்டீகளா சார்? சொல்லவே இல்ல?" பாண்டீஸ்வரியின் மகள் எலினாவிடம் படிக்கிறாள். குடும்பத்தையே தெரியும்.

"மாடு இல்ல. ஒரு எடைக்காக."

"எம்புட்டு எடை?"

ஜெர்வின் தொண்டையைச் செருமினான். "டீச்சர் எடை."

பாண்டீஸ்வரி தராசைத் துடைப்பதை நிறுத்தினாள். "அவுக எம்புட்டு இருப்பாக?"

"ஒரு அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டு!" அவள் அதை நம்பாத மாதிரி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு மூட்டையோடு ஒரு சின்னச் சாக்கையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். கடைக்காரப் பையன்கள் யாரும் இல்லாததால் இருவரும் சேர்ந்தே தூக்கிப் பின் சீட்டில் ஏற்றி, தாம்புக் கயிற்றால் முன்னும் பின்னுமாகக் கட்டினார்கள். "எதுக்கு சார் இது?" என்று அவள் கேட்டதற்கு, "டீச்சருக்குப் பதிலா" என்றான். வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

கான்சாபுரம் போகிற ரோட்டைப் பிடித்தான். மேற்கே மலை, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ரோடு நன்றாகத்தான் இருந்தது. நடுநடுவே ஒட்டுப் போட்ட இடங்களும் வாய்க்கால் பாலத்து மேடுகளும் வரும். கண்ணாடியைத் திருப்பி, மூட்டை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

முதல் மேடு. வண்டி ஏறி இறங்கியது. முன்னால் இவனுக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியில் மூட்டை எழும்பியது. கயிறு இழுத்துப் பிடித்தது. தடாலென்று உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் திரும்ப எழும்பியது. அது அடங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டது. பிரேக்கை அமுக்கினான். வண்டி முன்னால் குனிய, மூட்டை அவன் முதுகில் வந்து மோதியது. ஒரு மனுஷி சாய்கிற மாதிரியே இருந்தது. வளைவில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்தினான். வளைவு முடிந்த பிறகும் வண்டியின் பின்பக்கம் அதையே நினைத்துக்கொண்டு இடதும் வலதுமாக அசைந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில் இருக்கிறது. ரோடு எங்கே திரும்பும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால் இருப்பதற்கு எதுவும் தெரியாது. கண்ணாடியில் அந்த முகமில்லாத சாக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். வேகத்தைக் குறைத்தான். குறைத்தும் அது எழும்பியது.

வரப்பில் மம்பட்டியோடு நின்ற ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன சார், மூட்டை ஆட்டம் போடுது?"

"வீட்டுக்காரி மாதிரி. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சொல்ல வாயெடுத்தான் ஜெர்வின். வரவில்லை. முதல் தடவையாக ஒரு ஜோக் தொண்டையில் இறங்கிப்போயிற்று.

"இறுக்கிக் கட்டுங்க" என்றார் அவர். "இந்த ஆட்டத்துக்குக் கயிறு இல்லேன்னா எப்பவோ விழுந்திருக்கும்."

ஜெர்வின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். கான்சாபுரம் வரைக்கும் போகவில்லை. அங்கேயே திருப்பிக்கொண்டு, ரோட்டு ஓரமாக, மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாக ராஜபாளையம் வந்து சேர்ந்தான். பின்னால் வந்த பேருந்துகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போயின. அதில் ஒன்றில் எலினா வந்திருக்க வேண்டும். அவன் வாசலுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாண்டீஸ்வரி போன் பண்ணுனா" என்றாள்.

"என்னவாம்?"

"டீச்சருக்குப் பதிலா ஒரு மூட்டைய ஏத்திக்கிட்டுக் கான்சாபுரம் ரோட்டுல போறாக, வீட்டுல எதுவும் பிரச்சினையான்னு கேட்டா. ஸ்டாஃப் ரூம்ல வச்சு, ஸ்பீக்கர்ல." அவள் மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "பொறவு, அம்பத்தெட்டு இல்ல. அறுபத்தொண்ணு."

"எலினா..."

"எப்படி வந்துச்சு? வாயத் திறக்காம வந்துச்சா? மெதுவா மெதுவான்னு நச்சரிக்கல?"

அதற்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்குகிற பதில். ஜெர்வின் அதை விழுங்கிவிட்டு, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். மூட்டையை இறக்கிச் சுவரோரம் சாய்த்தான். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"செத்த நேரம் ஏறி உக்காரேன். ஓட்ட மாட்டேன். சாவிய நீயே வச்சுக்கோ. நீ உக்கார்ந்தா வண்டி எம்புட்டு இறங்குதுன்னு பாக்கணும்."

அவள் அவன் முகத்தில் எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். வண்டி நாலு விரல் இறங்கியது. அந்த இறக்கத்தை அளக்கக் குனிந்த ஜெர்வின், அளக்க மறந்து அவள் கைகளைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்த மறுநொடியே இரண்டு கைகளும் தாமாகப் பின்னால் போய், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"வண்டி நிக்குதே" என்றான்.

"தெரியும்."

"சாவியும் உன்கிட்டதான் இருக்கு. பொறவு எதுக்கு இப்படிப் புடிச்சிருக்க?"

எலினா தன் கைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"பழகிருச்சு. முன்னாடி உங்க தோளத்தான் புடிச்சுக்கிட்டு வருவேன். பொறவு ஒரு கை இங்க வந்துச்சு. ஒரு வருசமா ரெண்டு கையும் இங்கதான். நீங்க கவனிக்கலயா?"

கவனித்திருந்தான். தோளில் அந்தக் கை இல்லாமல் போனது என்றைக்கிலிருந்து என்றுகூட அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல், கல்யாணமாகிப் பதினெட்டு வருடமானால் இப்படித்தான் போல என்று தனக்குள்ளேயே முடிவு கட்டி வைத்திருந்தான்.

"என் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்."

"கோவமும் இருக்கு. அது வேற. கைய எடுத்தது கோவத்துல இல்ல. கம்பிய விட்டுட்டுத் தோள்ல வச்சா விழுந்துருவேன்." அவள் நேராக அவனைப் பார்த்தாள். "மூட்டையக் கயிறு போட்டுக் கட்டுனீகள்ல? எனக்கு யாரு கயிறு கட்டுனா?"

ஜெர்வின் குத்துக்காலிட்டபடியே இருந்தான். எழுந்தால் பேச்சு நின்றுவிடும் போலிருந்தது.

"போன வருசம் வால்பாறையில இருந்து இறங்கும்போது" என்றாள் எலினா, "ஒரு வளைவுல திருப்பி முடிச்ச பொறவும் பின்னாடி ஆடிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பக்கம் பள்ளம். நீங்க பேசிக்கிட்டே வாரீக. மெதுவான்னேன். பயமா இருந்தா ஜெபம் பண்ணிக்கோன்னு சொன்னீக. பண்ணுனேன். ஆமென் சொல்றதுக்குள்ள அடுத்த வளைவு வந்துருச்சு."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். அதையே கதையாக்கி அலெக்ஸ் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லி, அவுகளையும் சிரிக்க வச்சு, என்னையும் சிரிக்க வச்சீக. நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன். சிரிச்ச பொறவு எப்படிங்க சொல்றது, எனக்கு நெசமாவே பயமா இருக்குன்னு?"

தெருவில் ஒரு பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். ஜெர்வின் பின் சக்கரத்தின் குழி விழுந்த டயரைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"எல்லார்ட்டயும் கேட்டேன், வண்டி எப்படி இருக்குன்னு. சாம்சன்ட்ட, சர்வீஸ்ல, சங்கிலிப்பாண்டிட்ட."

"பின்னாடி உக்காருறவகிட்ட கேட்டீகளா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லிருவியோன்னு." அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "வண்டி போச்சுன்னு நீ சொல்லிட்டா, போன வண்டியில இம்புட்டு நாளா உன்னைய வச்சு ஓட்டியிருக்கேன்னு ஆயிரும்ல?"

எலினா ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து, சிவந்திருந்த உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டாள்.

"இப்பக் கேக்கேன்" என்றான் ஜெர்வின். "ஜோக் இல்ல. வண்டி எப்படி இருக்கு? என்னோட வால்பாறைக்கு வருவியா, மாட்டியா?"

"வண்டி போயிருச்சுங்க. முன்னாடி உக்கார்ந்திருக்க உங்களுக்குத் தெரியாது, பின்னாடி சுத்தமாப் போயிருச்சு. இந்த வண்டியில இப்படியே ஏற மாட்டேன், வால்பாறைக்கு இல்ல, பள்ளிக்கூடத்துக்கே ஏற மாட்டேன். முன்னாடியும் பின்னாடியும் ஷாக் ரெண்டையும் மாத்துங்க. மாத்திட்டு அந்தக் கான்சாபுரம் ரோட்டுலயே என்னையக் கூட்டிட்டுப் போங்க. நான் நிறுத்துங்கன்னா நிறுத்தணும். ஏன்னு கேக்கப்படாது. அதை யார்ட்டயும் போயிக் கதையாச் சொல்லப்படாது. என் கை தானா இந்தக் கம்பிய விட்டுச்சுன்னா, உங்களோட வால்பாறைக்கு வாரேன். விடலேன்னா ரெண்டு பேருமா பஸ்ல போவோம்."